தண்ணீர் வெளுத்தால் போதுமா?

சென்ற தணிக்கைச் சுற்றின்போது, அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் பிரதேசத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். ஊரின் பெயர் இங்கே அவசியமில்லை. பங்குத்தொகைப் பேரேடும் நூல் இருப்புப் பதிவேடும் பார்த்து முடித்துத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டியபோது, ‘சாயப்பட்டறைக் கழிவுநீரை மின்சாரத்தினால் சுத்தம் செய்யும் யந்திரம் ஒன்று வாங்குவது பற்றி ஆலோசிக்கப்பட்டது, அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது’ என்ற வரி கண்ணில் பட்டது. ஒதுக்கு நிதியிலிருந்து ஒரு பெருந்தொகையை எடுக்கும் விஷயமாதலால் விசாரிப்பது என் கடமையாயிற்று.

நடந்தது இது. நகரத்திலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, சங்கக் கட்டடத்திலேயே கண்ணாடி ஜாடி ஒன்றை வைத்து, அன்று காலை பட்டறையில் சிட்டா நூலுக்குச் சிவப்புச் சாயம் முக்கிய தொட்டி நீரை அதில் ஊற்றி, இரண்டு தகடுகளை அமிழ்த்தி மின்சாரத்தைப் பாய்ச்சியிருக்கிறார். அரை மணி நேரத்தில் ரத்தம்போல் இருந்த நீர் இளநீர்போல் ஆகிவிட்டது. கூடியிருந்தோர் கைதட்டினார்கள். அன்றைக்கே தீர்மானம் நிறைவேறியிருக்கும். ஆனால் பட்டறைக்குக் கீழ்ப்புறத்தில் கிணறு வைத்திருக்கும் விவசாயி ஒருவர் அழைப்பின் பேரில் வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் எழுந்து தலைவரைப் பார்த்து, “தண்ணி வெளுத்தது சரி, அண்ணாச்சி. உவர்ப்பு போயிற்றா? என் மிளகாய்ச் செடிக்கு நிறமா பகை?” என்று கேட்டாராம். பிரதிநிதி உட்பட ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதனால்தான் ஒத்திவைப்பு.

அந்த ஊரில் நெசவாளர் சங்கத்து அங்கத்தினரும் விவசாயிகள் சங்கத்து அங்கத்தினரும் அண்ணன் தம்பிகள், மாமன் மைத்துனர்கள். ஒருவர் தொட்டியிலிருந்து வெளியேறுவது மற்றவர் கிணற்றில் ஊறுகிறது. இரண்டு மழை பொய்த்தால் அந்தக் கிணற்று நீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. யந்திரம் வாங்காவிட்டால் பட்டறையை மூடும்படி உத்தரவு வரக்கூடும்; வாங்கி அது பயன்படாமற் போனாலோ சங்கத்தின் சேமிப்பும் போய், உறவும் போய்விடும். கல்லூரியில் ரசாயனம் படித்தவன் என்ற காரணத்தால் தலைவர் என்னிடம், “ஐயா, இது மெய்யா, கண்கட்டு வித்தையா?” என்று கேட்டார். மெய்தான், ஆனால் அரை மெய் என்றேன். அந்த அரை எது, மற்ற அரை எங்கே இருக்கிறது என்பதை விரிவாக எழுதும்படி அவர் கேட்டுக்கொண்டதன் விளைவே இந்தக் கட்டுரை.

இந்த வட்டாரத்தாரின் கவனமெல்லாம் இன்று இ.குமாரலிங்கபுரத்தின் மேல் இருப்பதும் இதை எழுதத் தூண்டியது. நாடெங்கும் 7 மாநிலங்களில் மாபெரும் ஒருங்கிணைந்த ஜவுளிப் பூங்காக்கள் அமைக்கப்படும் என்று மத்திய அரசு 2023 மார்ச் 17 அன்று அறிவித்தபோது, தமிழ்நாட்டிற்குரியதற்கு விருதுநகர் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர் நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. நூற்பு, நெசவு, சாயம், தையல் யாவும் ஓரிடத்தில் நடைபெற வேண்டும் என்பது திட்டம். நூற்பும் தையலும் நீரை அதிகம் கேட்பதில்லை. சாயம் கேட்கும், கேட்டதைக் கெடுத்துத் திருப்பியும் தரும். மழையையும் கண்மாயையும் நம்பி வாழும் சீமையில் அந்தத் திருப்பித் தரப்படும் நீர் என்னவாகிறது என்பது ஒவ்வோர் அங்கத்தினரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ஆக்ஸிகரணம் என்ற சொல் புதிதாக இருக்கலாம். காரியம் நெசவாளர்களுக்குப் புதிதன்று. அவுரித் தொட்டியில் முக்கிய நூல் கழியை வெளியே எடுத்தவுடன் அது நீலமாக இருப்பதில்லை. மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றில் விரித்துப் பிடித்தால் கண் முன்னே நீலம் ஏறும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் என்னும் பிராணவாயு சாயத்தின் மேல் வேலை செய்வதன் பலன் அது. அதே வேலை எல்லை மீறிப்போனால் நீலம் நிலைக்காது. அவுரியின் மூலக்கூறு நடுவே பிளந்து, ஐசாட்டின் என்ற ஆரஞ்சு நிறப் பொருளாகிவிடும். இன்னும் கடுமையாக நடந்தால் அந்தப் பொருளும் சிதைந்து, கடைசியில் கரியமில வாயுவும் நீரும் சில உப்புக்களும் மட்டுமே மிஞ்சும். ஆகவே ஆக்ஸிகரணம் என்பது பல படிகள் கொண்ட ஏணி. நிறம் அழிவது அதன் கீழ்ப்படிகளில் ஒன்று. முழுச் சுத்தம் உச்சிப்படி. பிரதிநிதியின் ஜாடி எந்தப் படியில் நின்றது என்பதே கேள்வி.

மின்சாரத்தைக் கொண்டு இந்த வேலையைச் செய்வதும் புதிதன்று. 1849-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய ரசாயனி கோல்பே, காடியிலுள்ள அசெடிக் அமிலத்தின் உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி, நேர்மின்வாயில் கரியமில வாயுவும் ஈத்தேன் என்ற வாயுவும் வெளிவரக் கண்டார். அவருடைய நேர்மின்வாய் பிளாட்டினத் தகடு. அதே கரைசலில் பிளாட்டினத்திற்குப் பதிலாகக் கரிக்கட்டையை வைத்தால் ஈத்தேன் குறைந்துபோகிறது. மெதனாலும் அதன் வழிப்பொருள்களும் மேலோங்குகின்றன. கரைசல் அதே, மின்சாரம் அதே. மாறியது அந்தக் கட்டையின் மேற்பரப்பு ஒன்றே. ஒரே நூலை இரண்டு தறிகளில் ஏற்றினால் ஒன்றில் வேட்டியும் மற்றொன்றில் துண்டும் இறங்குவதைப் போன்றது இது. மின்வாயின் பரப்பு மின்சாரம் நுழையும் வாசலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. தன் மேல் வந்து ஒட்டும் பொருளை எந்த வழியாக அனுப்புவது என்று அதுவே தீர்மானிக்கிறது. இப்படித் தான் அழியாமல் பிறவற்றின் மாற்றத்தை நடத்திவைப்பதையே வினையூக்கி என்கிறார்கள்.

நடத்திவைப்பவருக்கும் களைப்பு உண்டு. மெதனாலைப் பிளாட்டினத்தின் மேல் ஆக்ஸிகரணம் செய்யும்போது, பாதி வழியில் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிப் பிளாட்டினத்தின் மேல் பிசின்போல் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் வரும் மெதனாலுக்கு இடமில்லை, வேலை நின்றுவிடுகிறது. அச்சின் பற்களில் பஞ்சும் கஞ்சியும் அடைத்துக்கொண்டால் பாவு இழை ஓடாதல்லவா, அப்படி. பிளாட்டினத்தோடு ருத்தேனியம் என்ற உலோகத்தைக் கலந்தால் நிலைமை திருந்துகிறது. ருத்தேனியம் நீரிலிருந்து ஆக்ஸிஜன் கொண்ட துண்டைப் பக்கத்து அணுவின் மேல் கொண்டுவந்து வைக்கிறது. அது ஒட்டிக்கிடக்கும் மோனாக்ஸைடைக் கரியமில வாயுவாக்கித் துரத்துகிறது. ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் துடைக்கிறார். ஜப்பானிய அறிஞர்களான வதானபேயும் மோட்டூவும் 1975-இல் விளக்கிய இந்த இரட்டைக் கடமைதான் மெதனாலை எரித்து மின்சாரம் தரும் கலங்களுக்கு இன்றும் ஆதாரம். சாயக் கழிவிலும் இந்த அடைப்பு உண்டு. பீனால் இனப் பொருள்கள் பிளாட்டினத் தகட்டின் மேல் அரக்குப் பூசியதுபோல் ஒரு படலமாகப் படிந்துவிடும். முதல் நாள் ஜாடியில் நன்றாக ஓடியது முப்பதாம் நாள் தொட்டியில் ஓடுமா என்பதை அரை மணி நேரக் காட்சி ஒருபோதும் சொல்லாது.

இனிச் சாயநீருக்கு வருவோம். நேர்மின்வாயைத் தொடும் நீர் மூலக்கூறு ஓர் எலெக்ட்ரானை இழந்து, ஹைட்ராக்ஸில் என்ற முரட்டுத் துண்டாகிறது. எதிர்ப்படும் கரிமப் பொருள் எதுவாயினும் அதைக் கடித்துக் குதறக்கூடிய வல்லமை அதற்கு உண்டு. ஆயுளோ கண் இமைக்கும் நேரத்தில் மிகச் சிறிய பங்குதான். அந்தத் துண்டைப் பரப்பு எப்படி நடத்துகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ருத்தேனியம் ஆக்ஸைடு, இரிடியம் ஆக்ஸைடு போன்றவை அதைத் தம்மோடு இறுகப் பிணைத்துக்கொண்டு, தாமே ஒரு படி மேலான ஆக்ஸைடாகிவிடுகின்றன. அந்த ஆக்ஸிஜன் சாதுவானது. சாய மூலக்கூற்றைக் கொஞ்சம் மாற்றிவிட்டு நின்றுவிடும். பெரும் பகுதி வெறும் ஆக்ஸிஜன் குமிழிகளாக வெளியேறிவிடும். அதாவது நாம் காசு கொடுத்து வாங்கிய மின்சாரம் காற்றோடு போய்விடும். காரீய டயாக்ஸைடு, வெள்ளீய டயாக்ஸைடு, போரான் சேர்த்த வைரம் ஆகிய பரப்புக்களோ ஹைட்ராக்ஸிலைக் கட்டிப் பிடிப்பதில்லை. அது அவிழ்த்துவிட்ட காளைபோல் பக்கத்தில் உள்ளதையெல்லாம் முட்டி, பல இடங்களில் முழு எரிப்பு வரை போய்விடுகிறது. இந்த இரு வகைப் பரப்புக்களின் பேதத்தை ஸ்விட்சர்லாந்தின் லோஸான் நகரத்து அறிஞர் கோம்னினெல்லிஸ் 1994-இல் தெளிவுபடுத்தினார்.

இதை அளக்க ஓர் எளிய கோலும் உண்டு. நீர் ஆக்ஸிஜனாகப் பிரிவதற்குக் கொள்கையளவில், ஹைட்ரஜன் மின்வாயை ஒப்பிட்டு, 1.23 வோல்ட் போதும். ருத்தேனியம் ஆக்ஸைடின் மேல் ஏறக்குறைய 1.5 வோல்ட்டிலேயே குமிழி வரத் தொடங்கிவிடும். காரீய டயாக்ஸைடின் மேல் சுமார் 1.9 வோல்ட் வேண்டும். போரான் வைரத்தின் மேல் 2.3 வோல்ட்டை எட்டினாலும் நீர் இலகுவில் மசிவதில்லை. குமிழி வரத் தாமதிக்கத் தாமதிக்க, மின்சாரம் கழிவின் மேலேயே செலவாகும் என்று மோட்டாவாகக் கொள்ளலாம்.

அப்படியானால் வைரத்தையே வாங்கிவிடலாமே என்பீர்கள். இது நகைக்கடை வைரமன்று. மீதேனையும் ஹைட்ரஜனையும் மிகுந்த வெப்பத்தில் சிதைத்து, சிலிக்கன் அல்லது நியோபியம் தகட்டின் மேல் சில மைக்ரான் கனத்துக்கு வளர்க்கப்படும் படலம். மின்சாரம் கடத்துவதற்காகப் போரான் சேர்க்கிறார்கள். ஆனாலும் விலை வைரத்தை நினைவூட்டாமல் போகாது. ஒரு சிற்றூர்ச் சங்கம் நினைத்துப் பார்க்கும் தொகை அன்று. வெள்ளீய டயாக்ஸைடு நன்றாக வேலை செய்யும், ஆனால் அற்பாயுசு. காரீய டயாக்ஸைடை உங்களில் பலர் கண்டிருக்கிறீர்கள்: டிராக்டர் பாட்டரியின் நேர்த்தகட்டில் இருக்கும் பழுப்பு நிறப் பொருள் அதுதான். மலிவு, வல்லமையும் உண்டு. பூச்சு உதிர்ந்து காரீயம் நீரில் கலந்தால் மட்டும், சாயத்தை நீக்கி விஷத்தைச் சேர்த்ததாக முடியும்.

இந்தச் சாஸ்திரத்திற்கென்றே நமக்கு அண்மையில் ஒரு நிலையம் இருப்பது பலருக்கு நினைவில் இல்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 1948 ஜூலை 25 அன்று பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடையாக அளித்தவர் டாக்டர் அழகப்பச் செட்டியார். அவரே துணியாலை நடத்தியவர் என்பதை நெசவாளர்கள் கவனிக்கலாம். பிளாட்டினம் வாங்க வசதியில்லாத நாட்டுக்கு எது ஏற்ற நேர்மின்வாய் என்ற கேள்வி அங்கே ஆதியிலிருந்தே ஆராயப்பட்டது. நிலையத்தின் இயக்குநராக இருந்த எச்.வி.கே. உடுப்பாவும் அவருடைய சகாக்களும் காரீய டயாக்ஸைடு நேர்மின்வாய்களைப் பற்றி நீண்டகாலம் உழைத்தார்கள். பின்னர் டைட்டானியத்தின் மேல் பூச்சிட்ட நேர்மின்வாய்கள் அங்கே உருவாயின. சாயக் கழிவுகளை மின்சாரத்தால் ஆக்ஸிகரணம் செய்யும் சோதனைகளும் அங்கே நடந்துள்ளன. மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள இடம். யோசனை கேட்க நகரத்து வியாபாரியைத்தான் நம்பியிருக்க வேண்டும் என்பதில்லை.

டைட்டானியம் என்றதும் ஒரு விளக்கம் தேவை. சாயப்பட்டறையில் நாம் கரைக்கும் காஸ்டிக் சோடா உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி எடுக்கப்படுவது. மேட்டூரிலும், ஆறுமுகநேரியை அடுத்த சாகுபுரத்திலும் அதற்கான ஆலைகள் எழுந்தன. அத்தகைய ஆலைகளில் முன்பு கரிக்கட்டைகளே நேர்மின்வாய்கள். அவை நாளடைவில் தேய்ந்து சிறுக்கும். தேயத் தேய இடைவெளி கூடி மின்சாரம் வீணாகும். 1960-களில் ஹென்றி பீர் என்பவர் டைட்டானியத் தகட்டின் மேல் ருத்தேனியம் ஆக்ஸைடைச் சுட்டுப் பூசும் முறையைக் கண்டார். கட்டை தேயவில்லை, குளோரின் சுலபமாக வெளிவந்தது. உலகெங்கும் அந்தத் தொழிலே மாறிற்று. வெறும் டைட்டானியத்தை நேர்மின்வாயாக வைத்தால் அது தன் மேல் ஓர் ஆக்ஸைடுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மின்சாரத்தை நிறுத்திவிடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். வேலை செய்வது மேலே பூசப்பட்ட பூச்சே.

நம் பிரதிநிதியின் ஜாடியில் இருந்தது பெரும்பாலும் இந்தக் குளோரின் தகடாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நூலோடு பிணையும் சாயங்கள் 1956-இல் சந்தைக்கு வந்தது முதல், தொட்டியில் உப்பு கொட்டுவது பெருகிவிட்டது. சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதற்கு, லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறோம். நூலில் ஏறாத சாயம் தொட்டியில் நிற்கிறது. உப்போ முழுவதும் நிற்கிறது. அந்த உப்புநீரில் ருத்தேனியத் தகட்டை இட்டு மின்சாரம் செலுத்தினால் குளோரின் உண்டாகி, நீரோடு சேர்ந்து ஹைபோகுளோரைட் ஆகிறது. இதுதான் நாம் சலவைக்குப் பயன்படுத்தும் வெளுப்புச் சரக்கு. அசோ சாயங்களின் நிறம் இரண்டு நைட்ரஜன் அணுக்களாலான ஒரு பாலத்தைப் பெரிதும் சார்ந்தது. ஹைபோகுளோரைட் முதலில் அந்தப் பாலத்தை உடைக்கிறது, சிவப்பு மறைகிறது. பாலத்தின் இரு கரைகளும் அப்படியே இருக்கின்றன, சில இடங்களில் குளோரினையும் சேர்த்துக்கொண்டு. குளோரோஃபார்ம் போன்றவை உண்டாவதற்கும் வழி உண்டு. ஏணியின் கீழ்ப்படி என்று முன்னே சொன்னேனே, அது இது. வைரத் தகட்டை வைத்தாலும் உப்புநீரில் வேறு தொல்லை வரும்: அதன் வேகம் குளோரைடைக் குளோரேட்டாகவும் பெர்குளோரேட்டாகவும் ஏற்றிவிடக்கூடும். உப்புக்குப் பதிலாகக் கிளாபர் உப்பு என்ற சோடியம் சல்பேட்டை வழங்கும் பட்டறைகளில் குளோரின் பாதையே கிடையாது. அங்கே ருத்தேனியத் தகடு ஏறக்குறைய கைகட்டி நிற்கும். ஆகவே, ‘எந்தத் தகடு நல்லது’ என்று கேட்பதற்கு முன் ‘நம் தொட்டியில் எந்த உப்பு’ என்று கேட்க வேண்டும்.

வெளுத்த நீரை நான் சோதிக்காமல் விடவில்லை. ஜாடியில் மீந்திருந்ததையும், சாயமிட்ட மூல நீரையும் இரண்டு சீசாக்களில் எடுத்துக்கொண்டேன். கரைந்த உப்பைக் காட்டும் கைக்கருவி முன்பும் பின்பும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டிற்று. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் வெளியேறும் நீருக்கு விதித்திருக்கும் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற எல்லையைப் பல மடங்கு தாண்டி. கிணற்றுக்காரரின் கேள்விக்கு அதுவே விடை. மின்சாரம் உப்பை அழிப்பதில்லை. குளோரைடு குளோரினாகி, ஹைபோகுளோரைட்டாகி, சாயத்தைக் கடித்துவிட்டு மறுபடி குளோரைடாகவே திரும்புகிறது. கரிமப் பொருள் எவ்வளவு என்று காட்டும் ரசாயன ஆக்ஸிஜன் தேவையை ஒரு நண்பரின் உதவியோடு பார்த்ததில், நிறம் முற்றும் போயிருந்தும் அது மூன்றில் ஒரு பங்குகூடக் குறைந்திருக்கவில்லை. (இந்தச் சோதனையை உப்பு மிகுந்த நீரில் செய்பவர்கள் மெர்க்குரிக் சல்பேட் சேர்க்காவிட்டால் குளோரைடும் கணக்கில் ஏறிக்கொள்ளும், அறிக்கை காட்டுபவர்களிடம் இதையும் கேட்பது நலம்.)

செலவைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுத் தலைவரிடம் கொடுத்தேன். அதை இங்கே தருகிறேன். எவரும் காகிதத்தில் சரிபார்க்கலாம். ஃபாரடே 1834-இல் வெளியிட்ட விதிப்படி, 1 கிலோ ஆக்ஸிஜன் செய்யவேண்டிய வேலையை மின்சாரத்தால் செய்ய 3,350 ஆம்பியர்-மணி வேண்டும். கலத்தில் 5 வோல்ட் இருப்பதாகக் கொண்டால் சுமார் 17 யூனிட். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் ஆக்ஸிஜன் தேவையுள்ள கழிவுநீர் 1,000 லிட்டரில் சரியாக அந்த 1 கிலோ இருக்கிறது. மின்சாரத்தில் ஒரு துளியும் வீணாகாவிட்டால் 17 யூனிட். பாதி குமிழியாகப் போனால் 34. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 272 ரூபாய், 1,000 லிட்டருக்கு. கடைசிப் பகுதி இன்னும் மோசம். கழிவு குறையக் குறையச் சாய மூலக்கூறுகள் தகட்டை வந்து சேர்வதே அரிதாகிவிடுகிறது. மின்சாரம் வேலையின்றி நீரையே பிளந்துகொண்டிருக்கும். வாரியத்தின் எல்லையான 250 மில்லிகிராமுக்கு இறக்குவதற்குள் கட்டணச் சீட்டு நீண்டுவிடும். எளிதில் மக்கும் பகுதியை முதலில் நுண்ணுயிர்த் தொட்டியில் தீர்த்துக்கொண்டு, அது தொடாத முரட்டுச் சாயத்துக்கு மட்டும் மின்சாரத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இதனால்தான்.

நிறம் போனதை நம்பி ஏமாந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரதேசத்துச் சாட்சி வேண்டாம். நொய்யல் ஆற்றின் குறுக்கே விவசாயத்திற்காகக் கட்டி 1992-இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயநீர் தேங்கும் தொட்டியாகிப் போனது. விவசாயிகள் வழக்காடினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி மாத இறுதியில் உத்தரவிட, திருப்பூரில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒருங்கே மூடப்பட்டன. வேலையிழந்து ஊர் திரும்பியவர்களில் நம் தென் மாவட்டத்தாரும் இருந்தார்கள். அங்கே தகராறு நிறத்தைப் பற்றி மட்டும் இருக்கவில்லை. உப்பைப் பற்றியே பெரிதும் இருந்தது. ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்ற விதி வந்தபின், சவ்வு வடிகட்டிகளாலும் ஆவியாக்கும் கொப்பரைகளாலும் நீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பவும் சாயத்திற்கே வழங்குகிறார்கள். செலவு கொஞ்சமன்று, தனிப் பட்டறையால் ஆகாது, கூட்டாகத்தான் முடியும் என்று அவர்களும் கண்டுகொண்டார்கள்.

இவ்வளவு சொன்னதால் மின்சார முறையே வேண்டாம் என்கிறேன் என்று எவரும் கொள்ளவேண்டாம். அந்தச் சிவப்பு நீரை வெளியே விடாமல், நிறத்தை மட்டும் நீக்கி, உப்போடு கூடிய அந்த நீரையே அடுத்த சாயத்திற்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. அங்கே உப்பு போகாதது குறையன்று, லாபம். ஆனால் எஞ்சிய ஹைபோகுளோரைட்டை முற்றும் நீக்காவிட்டால் அடுத்த தொட்டிச் சாயம் கெட்டு, நூல் திட்டுத்திட்டாக இறங்கும். வேறொன்று: இரும்பு அல்லது அலுமினியத் தகடுகளைக் கரையவைத்துச் சாயத்தைச் சேறாகப் படியவைக்கும் யந்திரங்களையும் சிலர் இதே பெயரால் விற்கிறார்கள். அது ஆக்ஸிகரணமே அன்று. தகடு கரைந்துபோகும், மாதந்தோறும் புதுத் தகடு வேண்டும், சேறு எங்கே போவது என்ற கேள்வியும் தனியே வரும். இரண்டையும் பிரித்தறிய, தகட்டை முன்பும் பின்பும் தராசில் நிறுத்துப் பார்த்தாலே போதும்.

அடுத்த கூட்டத்திற்கு நானும் சென்றிருந்தேன். நெசவாளர்களும் விவசாயிகளும் ஒரே ஜமக்காளத்தில் அமர்ந்திருந்தார்கள். இரண்டு சீசாக்களும் மேஜைமேல் இருந்தன. வெளுத்த நீரைக் கிணற்றுக்காரர் விரலால் தொட்டு நாக்கில் வைக்கப் போனார், நான் தடுத்துவிட்டேன். பிரதிநிதியின் நிறுவனத்திற்கு எழுதிக் கேட்க வேண்டியவை குறிக்கப்பட்டன: தகட்டின் மேலுள்ள பூச்சு என்ன, எத்தனை ஆயிரம் மணி தாங்கும், மறுபூச்சுக்கு யார் பொறுப்பு, நிறமன்றி ஆக்ஸிஜன் தேவை எவ்வளவு குறையும், 1,000 லிட்டருக்கு எத்தனை யூனிட், மிஞ்சிய குளோரினை நீக்க என்ன ஏற்பாடு. பதில் கிடைக்கும் வரை ஒதுக்கு நிதியைத் தொடுவதில்லை என்றும், அதுவரை கடைசித் தொட்டி நீரைக் கீழ்ப்புற வாய்க்காலில் விடாமல் சிமெண்டுத் தொட்டியில் தேக்கி வைப்பதென்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. தொட்டிக்குக் கல்லும் மணலும் இறக்கத் தன் வண்டியைத் தருவதாகக் கிணற்றுக்காரரே சொன்னார்.

நிறுவனத்தின் பதில் சென்ற வாரம் வந்ததாகத் தலைவர் எழுதியிருக்கிறார். மற்ற கேள்விகளுக்கு ஏதேதோ சொல்லிவிட்டு, பூச்சு பற்றிய கேள்விக்கு எதிரே ‘டைட்டானியம்’ என்று ஒரே சொல் எழுதியிருக்கிறதாம். அது கட்டையின் பெயர். மேலே பூசியிருப்பதன் பெயரைச் சொல்லுங்கள் என்று மறுபடியும் எழுதும்படி தெரிவித்திருக்கிறேன்.